மூன்றாவது பாட்டை மெதுவாக வாசித்த நாள்

கப்பலிலிருந்து படகுக்கு இறங்கும் ஏணியில் கால் வைக்கும் முன்னால்தான் தாஸ் அதைச் சொன்னான். ஏழு நாள் கடலில் சேர்ந்தே சாப்பிட்டோம், சேர்ந்தே வாந்தி எடுத்தோம். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவன், நாகப்பட்டினத்துக் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, நம்ம வாசிக்கப் போற கல்யாணம் எங்க ஊருப் பண்ணையோடது. எங்கப்பா அந்தப் பண்ணைக்குப் பறையடிச்ச ஆளு."

கீழே படகு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய டபுள் பேஸ், ஆளைவிட உயரமான தந்தி வாத்தியம், கருப்பு மரப்பெட்டிக்குள் கிடந்தபடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதா, இவனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பெட்டி பத்திரமாக இறங்கியதும்தான் கேட்டேன், இதைப் பினாங்கிலேயே சொல்லக்கூடாதா என்று.

"சொல்லியிருந்தா வேற ஆளக் கூட்டிட்டு வந்திருப்பீங்க. அங்க எங்கக்கா இருக்கு. ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும். நான் யாருன்னு பண்ணைக்குத் தெரியக்கூடாது, அவ்ளோதான்."

"தெரிஞ்சா?"

"நான் கப்பலேறிடுவேன். அக்கா அங்கதானே இருக்கணும்."

பினாங்கில் ஒரு ஹோட்டல் நடனக்கூடத்தில் நாங்கள் ஐந்து பேர். வாசலில் ஜாஸ் பேண்டு என்று விளக்கெழுத்தில் எங்களைப் போட்டிருப்பார்கள். பண்ணையின் மகன் மூன்று வருடம் அங்கே குடும்பத்துக் கடையைப் பார்த்துக்கொண்டவர், சனிக்கிழமை தவறாமல் வந்து ஆடுவார். தன் கல்யாணத்துக்கு எங்கள் பேண்டுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கூட்டிவந்தார். ட்ரம்பெட் ஊதுகிறவனின் சொந்த ஊர் எது என்று எந்த நடனக்கூடத்தில் யார் கேட்கிறார்கள்?

எங்கள் தலைவர் பெரைரா, மலாக்காவில் மீன் பிடிக்கும் போர்த்துக்கீசக் குடும்பத்துப் பிள்ளை. பேசாத படக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து கிளாரினெட் ஊதியவர். படம் பேச ஆரம்பித்ததும் பிழைப்புப் போய் சாக்சபோனுக்கு மாறினார். ஜப்பான்காரன் காலத்தில் அவன் அதிகாரிகளுக்கு வாசித்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அதே மேடையில் அதே பாட்டு. கொடிதான் மாறும் மணியம், ஆடுகிற கால் ஒன்றுதான் என்பார் என்னிடம். அக்கார்டியன் வாசிக்கும் லிம் ஏழு வயதிலிருந்து சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தவன். அவன் அப்பா சீனர் வீட்டு இழவு ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பித்தளை பேண்டு வைத்திருந்தார். ட்ரம்ஸ் ஹாரூன், போலீஸ் பேண்டில் இருபது வருடம் அணிவகுப்புக்குத் தாளம் போட்டு ஓய்வுபெற்ற மலாய்க்காரர். நான் ரப்பர் தோட்டத்து ஆள். நாலாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடம், மிச்சப் படிப்பு முடிவெட்டும் கடையில் கிடக்கும் பத்திரிகைகளில். பேஸ் வாசிக்கிறவர் ஒருநாள் வராமல் போனதால் வாத்தியத்தைப் பிடித்து நின்றேன், இன்னும் விடவில்லை.

தாஸ் பதினாலு வயதில் கப்பல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தபடி பினாங்குக்கு வந்தான். லிம்மின் அப்பா சோறு போட்டு, ட்ரம்பெட்டும் சொல்லிக்கொடுத்தார். இழவுக்கு ஊதிப் பழகிய மூச்சு என்பதால்தானோ என்னவோ, அவன் ஒரு சுரத்தை நீட்டினால் ஆடுகிறவர்கள் ஒரு நிமிஷம் ஆட மறப்பார்கள். ஹாரூன் ஒருமுறை புதிதாக ஒரு தாளம் கேட்டபோது, சின்ன வயதில் காதில் கிடந்த ஒன்றைக் கைதட்டிக் காட்டினான். அதை வேகப்படுத்தி ரும்பா என்னும் ஆட்டத் தாளமாக்கி மூன்றாவது பாட்டில் வைத்துக்கொண்டோம். அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம் எழுந்து வரும்.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது வீணைக்கு என்ன உறவு என்றார். பெரியப்பா என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. எல்லோரும் தமிழ் பேசுகிற தெருவில் நடப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. காபிக் கிளப்பில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் போட்ட அந்தக் குழம்பை லிம் மூன்று முறை கேட்டு வாங்கினான். எங்கள் ஊர்க் காபி கரியைக் கரைத்ததுபோல் இருக்கும். இங்கே டவராவில் நுரையோடு வந்தது. பரிமாறியவர் லிம்மைப் பார்த்து, "கையால சாப்பிடச் சொல்லுங்க சார், கரண்டிக்கு ருசி தெரியாது" என்றார்.

சுவரெல்லாம் புது ஆட்சியின் சூரியன். அதற்குப் பக்கத்திலேயே விவசாயத் தொழிலாளர்களின் செங்கொடி. இரண்டும் ஒரே வீட்டு மருமகள்கள் மாதிரி முகம் திருப்பிக்கொண்டு நின்றன. பக்கத்து மேசையில் ஒருவர் பேசியதை நான் அன்றே குறித்துக்கொண்டேன். "ஆட்சி மாறிடுச்சுங்கறான். மரக்கா மாறலியே. அளக்கற கையும் மாறல." நெல் அளக்கும் மரக்காலைத்தான் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் கீழ்வேளூர். பெட்டியைக் கூரையில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. பாதி வழியில் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு மாட்டுவண்டி, அதன் பின்னால் ஒரு போலீஸ் லாரி. தை மாதம், சம்பா அறுவடை. அறுப்புக் கூலியாகக் கொடுக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். கண்டக்டர் இதை வானிலை சொல்வதுபோல் சொன்னார். "நேத்து அந்தப் பக்கம் ரெண்டு வைக்கப்போரு எரிஞ்சுது. இன்னிக்கு இந்தப் பக்கம் எரியும்."

தாஸ் கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அவன் பினாங்கிலேயே பிறந்தவன், தமிழ் தெரியாது, மலாய் மட்டும்தான் என்று பேசி வைத்துக்கொண்டோம். எது சொல்வதானாலும் என் வழியாக.

கீழ்வேளூரிலிருந்து பண்ணை வண்டி. இரண்டு பக்கமும் முற்றிய கதிர். எங்கள் கெடா மாநிலத்து வயல்களும் இப்படித்தான் மஞ்சளாகக் கிடக்கும், ஆனால் அங்கே வயலில் ஆள் பேசும் சத்தம் கேட்கும். இங்கே வெளியூர் ஆட்கள் தலை நிமிராமல் அறுத்துக்கொண்டிருக்க, வரப்பில் கம்போடு காவல் நின்றார்கள். வண்டிச்சக்கரம் சேற்றில் இறங்கி நாங்கள் தள்ளவேண்டி வந்தபோது தாஸ் யாரும் கேட்காமலே வைக்கோலை அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, மாட்டின் கழுத்தை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிற்றைத் தளர்த்தினான். வண்டிக்காரர் அவனையே பார்த்தார். "பினாங்குல மாட்டுவண்டி உண்டுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நிறைய உண்டு என்றேன்.

எங்களைப் பண்ணைவீட்டில் தங்கவைக்கவில்லை. நெல் அடிக்கும் களத்தை ஒட்டி ஒரு ஓட்டுவீடு, அதைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள். களத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், பனைமரத்தைப் போட்டு ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் கூரைவீடுகள். அதுதான் தாஸ் பிறந்த தெரு.

பண்ணைக் குமாஸ்தா மெலிந்த மனிதர், காதில் பென்சில். நல்லபடியாகத்தான் கவனித்தார். கோழிக்குழம்பு, ரசம், பாயசம் என்று இலை நிறைந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்த தாஸை மட்டும் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்த தெருவில் யாருக்கும் இந்தக் களத்தில் இலை போட்டதில்லை.

பாலத்தைத் தாண்டவேண்டாம் என்றார் குமாஸ்தா. ஏன் என்று கேட்டேன்.

"கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால அவனுங்கதான் பறையடிச்சிட்டுப் போவணும் சார், காலங்காலமா. இந்த வருஷம் அடிக்கமாட்டேன்னுட்டானுங்க. கூலியக் கூட்டினாதான் கையத் தூக்குவானுங்களாம். அந்த எடத்துலதான் நீங்க போறீங்க. அவனுங்க தெரு வழியாவே போறோம், நல்லாப் பாக்கட்டும்." பிறகு தாஸைக் காட்டி, "இவருக்கும் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் மலாயில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை, சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். எல்லாமே ஏற்கனவே காதில் விழுந்தவன், நான் முடிக்கும்வரை காத்திருந்து தலையாட்டினான். பாயசத்தை மட்டும் தொடவில்லை.

பெரைராவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாக்சபோனின் நாக்குத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் யாருக்கெல்லாமோ வாசித்திருக்கிறேன், ஆனால் ஒரு மனிதனை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, அவன் ஆட்களுக்கு எதிராக வாசிக்கச் சொன்னதில்லை என்றார். கல்யாணத்துக்கு நடுவில் ஒருநாள்தான் இருந்தது. வண்டி அவர்களுடையது. பஸ் நிற்கும் சாலை ஆறு மைல்.

தாஸ் அக்காவை அன்று பார்த்துவிட்டான். பார்க்க மட்டும். வாய்க்காலில் தண்ணீர் எடுக்க வந்த பெண்களில் ஒருத்தி, உயரமாக, இடது காலைச் சற்றுச் சாய்த்து நடந்தாள். "அஞ்சல. அக்காதான்" என்று முணுமுணுத்தான். கூப்பிடு தூரம்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு ஒருத்தன் மலாய் பேசிக்கொண்டிருந்தான். ஏன் ஓடினாய் என்று அப்போதுதான் கேட்டேன். அவன் மேய்த்த பண்ணை மாடு கதிரில் வாய் வைத்ததற்குக் கட்டிவைத்து அடித்துச் சாணியைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்களாம். அடியைப் பொறுத்துக்கிட்டேன், அதைக் குடிச்சப்புறம் அந்த ஊர்ல தண்ணி குடிக்கப் பிடிக்கலண்ணே என்றான்.

மறுநாள் பிற்பகல், பண்ணையார் எங்கள் வாசிப்பைக் கேட்க வந்தார். களத்தில் நாற்காலி போட்டார்கள். கனத்த மனிதர், அதிர்ந்து பேசாதவர். பக்கத்தில் மாப்பிள்ளையான மகன், குமாஸ்தா, சுற்றிலும் கம்பு வைத்திருந்த ஏழெட்டுப் பேர். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. பண்ணையார் விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். நடனக்கூடத்து வேகம் வயதானவர்களுக்கு ஒத்துவராது என்று நினைத்த பெரைரா, மூன்றாவதை மெதுவாக எடு என்று ஹாரூனுக்கு ஜாடை காட்டினார்.

வேகத்தில் அது ரும்பா. மெதுவாக வாசித்தபோது வேறாகிவிட்டது. எட்டுத் தட்டு போனதும் பண்ணையாரின் விரல் நின்றது. குமாஸ்தா காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தாஸ் ட்ரம்பெட்டை வாய்க்கருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஹாரூன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து அடித்துக்கொண்டிருந்தார்.

அது அந்தத் தெருவின் சாவு அடி. இன்னார் வீட்டில் சாவு, எல்லோரும் வாருங்கள் என்று ஊருக்குச் சொல்லும் பறை. கல்யாணத்துக்கு முதல்நாள், கல்யாண வீட்டுக் களத்தில், அதை நாங்கள் முழக்கிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்தச் சொல்லு" என்றார் பண்ணையார்.

நிறுத்தியும் பயனில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேருக்குக் குறையாது. அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் காலையில் கூலி பேசப் பண்ணைக்கு வந்திருந்தார்களாம், இன்னும் திரும்பவில்லையாம். களத்திலிருந்து சாவு அடி கேட்டால் என்ன நினைப்பார்கள்? இக்கரையில் கம்புகள் நிமிர்ந்தன.

பண்ணையார் அதையெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரூனைக் காட்டி, இந்த அடி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எங்கேயோ சினிமாவில் கேட்டது என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளை ஹாரூனிடம் நேராகவே கேட்டுவிட்டார். மூன்று வருடம் பினாங்கில் இருந்தவருக்கு மலாய் வராதா? தமிழ் தெரியாத ஹாரூன், பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, மலர்ந்த முகத்தோடு, எல்லாப் புகழும் நண்பனுக்கே என்பதுபோல், கையிலிருந்த குச்சியைத் தாஸின் பக்கம் நீட்டினார்.

வண்டிக்காரர் பின்னாலிருந்து, "நெனச்சேங்க, வைக்கலப் போடறப்பவே" என்றார்.

பண்ணையார் தாஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஷூவில் வந்து பார்வை நின்றது.

"கண்ணாடியக் கழட்டு."

கழற்றினான்.

"அப்பன மாதிரியேதான் இருக்க. சரி, வந்தது நல்லதாப் போச்சு. அந்த ஊதுகுழல் வேணாம். நாளைக்குப் பறைய எடுத்துக்க. உங்கப்பன் நின்ன எடத்துல நின்னு அடி. செருப்பில்லாம."

அவர் குரல் உயரவே இல்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஸ் இரண்டு நாளில் முதல்முறையாக அவர்கள் முன்னால் தமிழில் பேசினான். "எனக்கு அடிக்கத் தெரியாதுங்க. அவரு கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுச் சாணி என்னை ஊர விட்டு ஓட்டிடுச்சு. எனக்குக் காதுதான் இருக்கு, கை இல்ல." சொல்லிவிட்டு ட்ரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தான்.

கம்பு வைத்திருந்தவர்கள் பண்ணையாரைப் பார்த்தார்கள். பண்ணையார் அக்கரையைப் பார்த்தார். தங்கள் ஆள் செத்துவிட்டான் என்று நம்பி வந்து நிற்கும் நாற்பது பேருக்கு முன்னால் இன்னொருவனை அடிக்க யார் முதல் கை ஓங்குவது? அந்த யோசனைக்கு ஆன நேரத்தில் பெரைரா சாக்சபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, எடு என்றார். என் பேஸைப் பெட்டிக்குள் போட்டு முன்னால் நானும் பின்னால் ஹாரூனும் தூக்கினோம். அவர் கழுத்தில் சின்ன ட்ரம் தொங்கியது, மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டார். லிம் அக்கார்டியனோடு கடைசியில் வந்தான். பனைமரம் காலடியில் உருண்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு கல் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

அக்கரையில் கால் வைத்ததும் பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் என் தோளில் இருப்பதை நானே பார்த்தேன். ஆள் நீளத்துக்குக் கருப்புப் பெட்டி. சாவு அடி கேட்டு ஓடிவந்தவர்களுக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறோம்.

அஞ்சலைதான் எல்லோருக்கும் முன்னால். பெட்டியின்மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருவருக்காக, என் ராசாவே என் தொரையே என்று ராகம் போட்டு அழுதாள். தம்பி பக்கத்தில் நின்றான். அவன் இரண்டு தடவை அக்கா என்றது அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை தோளைப் பிடித்துத் திருப்பினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் பளாரென்று ஒரு அறை.

"அப்ப பொட்டில யாருடா?"

திறந்து காட்டினேன். கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். பண்ணைக்குப் போன இரண்டு பேரையும் மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்திருக்கிறார்கள், உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில்தான் ஒருவர் ஓடிவந்து சொன்னார். தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் எங்களை முறைத்தார். "நம்ம அடிக்க மாட்டம்னதுக்குப் பதிலா வாசிக்க வந்தவங்கதான இவங்க?" அது உண்மைதான்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பா செத்தன்னிக்குப் பண்ணையில காதுகுத்து. சாவு அடி கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன், சத்தமில்லாமப் போனாரு. இன்னிக்கு அடி கேட்டாச்சு, ஊரு கூடியாச்சு, நானும் அழுதாச்சு. அப்பாவுக்கு மிச்சத்த நீ முடி."

தாஸ் பெரைராவைத் திரும்பிப் பார்த்தான். லிம் யாரையும் கேட்கவில்லை, அக்கார்டியனின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாத வேலையா? அவன் அப்பா பினாங்கில் ஆயிரம் பெட்டிகளுக்கு முன்னால் வாசித்த பாட்டையே எடுத்தான். ஹாரூனுக்கு நான் இரண்டே சொல்லில் விளக்கியதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பழைய அடியை அடித்தார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. அதற்குமேல் தாஸின் ட்ரம்பெட் எழுந்தது. நான் ஈர வரப்பில் நின்று தந்தியை மீட்டினேன்.

பண்ணை வயலில் அறுத்துக்கொண்டிருந்த வெளியூர் ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். குமாஸ்தா வரப்பில் ஓடி ஓடி, யாரும் சாகல, குனிஞ்சு அறுங்கய்யா என்று கத்தினார். அவர்களில் வயதான ஒருவர் சொன்னது காற்றில் எங்கள் பக்கமே வந்தது. "சாவு அடி அடங்கட்டுங்க. அடங்காம எப்படிக் குனியறது?"

நாங்கள் உடனே அடக்கவில்லை. பெரைரா திரும்பத் திரும்ப முதலிலிருந்து எடுக்கச் சொன்னார். பொழுது சாயும்வரை ஒருவரும் குனியவில்லை. வாசித்து முடித்தபோது எதிர்க்கரையில் கம்புகள் கூடியிருந்தன, எண்ண முடியவில்லை.

தலைப்பாகைக்காரர் எங்களை வேறு பாதையில் சாலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவரே என் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். தாஸ் ட்ரம்பெட்டை நன்றாகத் துடைத்து லிம்மிடம் நீட்டினான்.

"நீங்க போங்கண்ணே" என்றான் என்னிடம். "இனிமே அக்கா வீட்டு வாசல்ல ஒரு ஆளு கூட இருக்கணும்."

லிம் வாத்தியத்தை வாங்கவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எதிர்க்கரை தெரிந்தது. தாஸின் கையை மடக்கி, அதை அவன் நெஞ்சோடு சேர்த்துவைத்து மலாயில் சொன்னான்:

"இங்கேயே வைத்துக்கொள். அவர்கள் வந்தால் ஊது. ஊர் கூடும்."